இதழ் மெலிகிறது, எடிட்டிங் வேலை எங்கே போகிறது?

கேள்வி: ஒரு வார இதழில் ஒன்பது ஆண்டுகளாக உதவி ஆசிரியராக இருக்கிறேன். கட்டுரைகளைச் செப்பனிடுவது, மெய்ப்புப் பார்ப்பது, லேஅவுட் முடிந்த பக்கங்களைச் சரிபார்ப்பது என் வேலை. விரைவில் இதழ் மாதமிருமுறை ஆகப்போகிறது. லேஅவுட் பிரிவில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். நான் புத்தகப் பதிப்பகத்துக்கு மாறுவதா, ஃப்ரீலான்ஸாக இறங்குவதா, துறையையே விட்டுவிடுவதா? ஏஐ வந்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

துறையை விட வேண்டாம். ஆனால் இப்போது பார்க்கும் அதே வேலையை வேறொரு நிறுவனத்தில் தேடவும் வேண்டாம். மெய்ப்புப் பார்ப்பதற்கென்றே மாதச் சம்பளத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, அந்தப் போக்கு திரும்பாது. கையெழுத்துப் பிரதி உள்ளே வந்த நாள் முதல் அச்சு, மின்னூல், ஒலிநூல் என எல்லா வடிவிலும் வெளியேறும் நாள் வரை அதற்குப் பொறுப்பேற்கும் ஆளுக்குத்தான் தேவை இருக்கிறது. அந்த இடத்துக்கு நகர உங்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு தேவைப்படும். அதுவரை இருக்கும் வேலையை விடாதீர்கள். ஃப்ரீலான்ஸை இரண்டாவது படியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

முதலில், இதழ்களில் ஏன் ஆட்குறைப்பு முந்திக்கொண்டு வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. உங்கள் உழைப்பில் குறை இருப்பதால் அல்ல. இதழின் வருமானத்தில் விளம்பரத்தின் பங்கு பெரிது. விளம்பரப் பணம் தேடுபொறிகளுக்கும் சமூக ஊடகங்களுக்கும் போனபோது இதழ்களின் பக்கங்கள் சுருங்கின. பக்கம் ஒவ்வொன்றாகக் குறைவதில்லை. அச்சில் ஒரு ஃபாரம் என்பது பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கம், குறைத்தால் முழு ஃபாரமாகத்தான் குறையும். ஒரே முடிவில் 16 பக்கம் போனால், அதை நிரப்பிய எழுத்து, படம், லேஅவுட், மெய்ப்பு வேலை எல்லாம் சேர்ந்தே போகும். வார இதழ் மாதமிருமுறை ஆனால் ஆண்டுக்கு 52 இதழ் என்பது 24 ஆகிறது. பாதிக்கும் கீழே.

பெரிய பெயர்களும் இதிலிருந்து தப்பவில்லை. நியூஸ்வீக் 2012 இறுதியில் அச்சை நிறுத்தி, 2014இல் மீண்டும் தொடங்கியது. நேஷனல் ஜியோகிராஃபிக் 2023இல் தன் சம்பளப் பட்டியலில் எஞ்சியிருந்த எழுத்தாளர்களையும் விடுவித்தது. கட்டுரைகள் நிற்கவில்லை. எழுதுபவர்கள் நிறுவனத்துக்கு வெளியே போனார்கள், எழுத்தை வாங்கி ஒழுங்குசெய்யும் ஆசிரியர்கள் உள்ளே இருந்தார்கள். இந்தப் பிரிவினையைக் கவனியுங்கள், உங்கள் முடிவுக்கு இது உதவும்.

இதற்கு முன்னும் இத்துறை இப்படி மாறியிருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் 1978இல் ஈய அச்சுக்கோப்பைக் கைவிட்டது. 1985இல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வந்ததும் பக்கம் கட்டும் வேலை மேசைக் கணினிக்கு மாறியது. ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான்: ஒருவரிடமிருந்து வாங்கி, முடிவு எதுவும் எடுக்காமல், அடுத்தவரிடம் கொடுக்கும் படி மறைந்து, பக்கத்துப் படியில் இருப்பவரின் வேலையோடு சேர்ந்துவிட்டது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, யாரிடம் கேட்பது, எது சட்டச் சிக்கலாகும் என்று முடிவெடுக்கும் படிகள் நிலைத்தன. உங்கள் ஒரு வார வேலையை எடுத்து எழுதிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் முதல் வகை, எத்தனை மணி நேரம் இரண்டாம் வகை? முதல் வகை பாதிக்கு மேல் என்றால் அவசரம் அதிகம்.

இனி புத்தகத் துறை. அங்கே விளம்பரம் கிடையாது, ஒவ்வொரு நூலும் தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும். அதனால் விழுந்தாலும் திடீரென விழுவதில்லை, வளர்ந்தாலும் ஆள் எடுப்பதில்லை. கிண்டில் 2007இல் வந்தபோது அச்சு நூல் அழிந்துவிடும் என்று பலர் சொன்னார்கள். அப்படி நடக்கவில்லை. மின்னூல் ஓர் அளவுக்கு ஏறி நின்றது, அதற்குப் பிறகு ஒலிநூல் வேகமாக வளர்ந்தது. ஆனால் இதை வைத்து அங்கே நிறைய வேலை இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பதிப்பகங்கள் பல ஆண்டுகளாகவே செப்பனிடுதல், மெய்ப்பு, சொல்லடைவு, அட்டை வடிவமைப்பு ஆகியவற்றை வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டன. உள்ளே இருப்பவை நூல் தேர்வு, தயாரிப்பு ஒருங்கிணைப்பு, உரிமை விற்பனை, சந்தைப்படுத்தல், நூல் தரவு (நூலைப் பற்றிய விவரங்களைப் பராமரிப்பது). எனவே ‘காப்பி எடிட்டர் தேவை’ என்ற விளம்பரத்துக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். ‘தயாரிப்பு ஆசிரியர்’, ‘நிர்வாக ஆசிரியர்’, ‘உள்ளடக்க ஒருங்கிணைப்பாளர்’ என்ற பெயர்களில் தேடுங்கள். உங்கள் எடிட்டிங் அறிவு பயன்படும் சம்பள வேலை அந்தப் பெயர்களுக்குள்தான் இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நூல் பதிப்பில் கீழ்நிலைச் சம்பளம் எப்போதும் குறைவு. வேலை மீதுள்ள ஆசையை நம்பி ஆள் எடுக்கும் பழக்கம் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பக ஊழியர்கள் 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை நடத்திய வேலைநிறுத்தத்தில் முக்கியக் கோரிக்கையே ஆரம்பச் சம்பளம்தான். உங்களுக்கு ஒன்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. ‘புத்தகத்துக்குப் புதியவர்’ என்று சொல்லி உதவியாளர் நிலையில் சேர்க்கப் பார்ப்பார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். வாரந்தோறும் தவறாமல் இதழை முடித்தவருக்குக் காலக்கெடு நிர்வாகம் கைவந்த கலை. புத்தகத் தயாரிப்பில் அதற்குத்தான் பஞ்சம்.

பலர் எண்ணிப் பார்க்காத மூன்றாவது இடம் ஒன்று உண்டு: ஆய்விதழ்கள். அங்கே பொதுவாசகர் விளம்பரத்தை நம்பிய பிழைப்பு இல்லை, நூலகச் சந்தாவும் கட்டுரையாளர் தரப்புக் கட்டணமும்தான். ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான டிஓஐ என்ற அடையாள எண் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2000இல் தொடங்கியது. கட்டுரையின் பகுதிகளை எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழியில் குறியிடும் ஜாட்ஸ் முறை 2012இல் முறைப்படி தரமானது. மேற்கோள் பட்டியல் சரிபார்ப்பு, நிபுணர் மதிப்பீட்டை ஒருங்கிணைத்தல், படங்களில் மோசடி இருக்கிறதா என்ற சோதனை, குறியீடு சரிபார்ப்பு என்று அங்கே வேலை தொடர்ந்து இருக்கிறது. ஆங்கிலத்தில் எடிட் செய்யத் தெரிந்தால் இதையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை சற்று வறண்டதுதான்.

எங்கே போனாலும் நீங்கள் கற்க வேண்டியது ‘கட்டமைப்போடு கூடிய கோப்பு’, அதாவது எது தலைப்பு, எது மேற்கோள் என்று கணினிக்கே சொல்லிவைத்த கோப்பு. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதழ்களிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

இதழில் பக்கம் கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதும். தலைப்பைக் கையால் பெரிதாக்கி, இடைவெளிக்கு நாலு முறை எண்டர் தட்டி, வரி நிரம்பாவிட்டால் ஹைஃபன் போட்டு உடைத்து அனுப்பலாம். அதே கோப்பை மின்னூலாக்கினால் எல்லாம் வெளியே வரும். கையால் போட்ட ஹைஃபன் வரியின் நடுவில் நிற்கும். உரையோடு நங்கூரமிடாத படம் தன் இடத்தை விட்டு வேறெங்கோ போய் விழும். தலைப்பு என்று கோப்புக்குச் சொல்லாததால் உள்ளடக்கப் பட்டியல் வெறுமையாக இருக்கும். ‘மேலே 45ஆம் பக்கத்தில் பார்க்க’ என்ற குறிப்புக்கு அங்கே பொருளே இல்லை. எனவே வேர்டில் தொடங்கும்போதே ஒவ்வொரு பத்திக்கும் ஸ்டைல் கொடுங்கள்: அத்தியாயத் தலைப்பு, உட்தலைப்பு, மேற்கோள், கவிதை, அடிக்குறிப்பு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அந்த ஸ்டைல்கள் அப்படியே பொருந்துமாறு இணையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏற்றுமதிக் குறி கொடுங்கள். பிறகு இபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதன் பிழைகளைக் காட்டும் இபப்செக் என்ற இலவசக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். பிழைப் பட்டியல் சுத்தமாகும் வரை கோப்பைத் திருத்துங்கள். ஒரு 200 பக்க நூலில் இதை மூன்று முறை செய்தால் கை பழகிவிடும்.

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு அடுக்குச் சிக்கல் இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் உள்ள பிரதியை யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றி சரியாக வேலை செய்ததுபோலவே தோன்றும். ஆனால் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, திரைவாசிப்பான் அங்கே தடுமாறும். அதேபோல ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’வும் தட்டியிருப்பார்கள். ஒகர, ஓகார உயிர்மெய்கள் ஒரே குறியாகவும் இரண்டு துண்டாகவும் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் தேடி மாற்றும் விதி எழுதி, ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, செப்பனிடத் தொடங்கும் முன்பே ஓட்டிவிடுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பை ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசருக்கு மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இவ்வளவையும் செய்யத் தெரிந்த எடிட்டர் தமிழில் மிகக் குறைவு. பழைய நூல்களை மீட்டு வெளியிட விரும்பும் பதிப்பகத்துக்கு நீங்கள் உடனே தேவைப்படுவீர்கள்.

அந்தப் பழைய நூல்கள்தான் வேலை பெருகும் ஓர் இடம். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு 50 பிரதி, 100 பிரதி என்று மறுபதிப்பு போட முடிகிறது. கிடங்கு வேலை குறைந்தது, ஆனால் ஸ்கேன் செய்த உரையைச் சரிபார்ப்பது, உரிமை யாரிடம் என்று கண்டுபிடிப்பது, புதிய அட்டை போடுவது ஆகியவை கூடின. பக்க எண்ணிக்கை மாறினால் முதுகு அகலத்தை மீண்டும் கணக்கிட மறந்துவிடுவார்கள்: 240 பக்கம் என்றால் 120 தாள், ஒரு தாள் 0.1 மி.மீ. தடிமன் என்றால் முதுகு 12 மி.மீ. பழைய அட்டையில் 9 மி.மீ. இருந்தால் முகப்பின் ஓரம் முதுகுக்குள் வந்துவிடும்.

அணுகல்தன்மை இன்னொரு புதிய வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கே விற்கப்படும் மின்னூல்கள் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்கும்படி இருக்க வேண்டும், பதிப்பகம் எந்த நாட்டில் இருந்தாலும். மிகச் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. படங்களுக்கு மாற்று விளக்கம் எழுதுவது, தலைப்பு வரிசை சரியா என்று பார்ப்பது, மொழிக்குறி இடுவது ஆகியவை இதில் அடங்கும். ‘ஏஸ்’ என்ற டெய்சி கூட்டமைப்பின் இலவசக் கருவி குறைகளைச் சுட்டும். ஆனால் ஒரு வரைபடம் அந்த இடத்தில் எதைச் சொல்ல வந்தது என்று இரண்டு வரியில் எழுதுவது எடிட்டரின் வேலை. சட்டம் இல்லாத இடத்திலும் இதைச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. பார்க்க முடியாதவரும் நம் வாசகர்தான்.

நூல் தரவைப் பற்றிச் சுருக்கமாக: அச்சு, மின்னூல், ஒலிநூல் ஒவ்வொன்றுக்கும் தனி ஐஎஸ்பிஎன், அதாவது நூல் அடையாள எண் வேண்டும். நூல் விவரங்களைக் கடைகளுக்கு அனுப்பும் ஓனிக்ஸ் கோப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயரை விட்டுவிடுவது, பொருள் குறியீட்டைப் பொத்தாம்பொதுவாகப் போடுவது ஆகியவைதான் அன்றாடம் நடக்கும் தவறுகள். இணையக் கடைகளில் நூல் கண்ணில் படுவதும் படாததும் இதைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் அடிப்படையைக் கற்றுவிடலாம்.

இப்போது ஏஐ. மழுப்பலாகச் சொல்ல விரும்பவில்லை: சில வேலைகளை அது எடுத்துவிட்டது. பேட்டி ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், பின்னட்டை வாசகத்தின் முதல் வரைவு, சுருக்கம், முதல் நிலை மொழிபெயர்ப்பு, எளிய ஒலிநூல் வாசிப்பு ஆகியவற்றுக்கு ஆள் எடுப்பது குறைந்துவிட்டது. இயந்திரம் தந்ததைத் திருத்தும் வேலைக்கு, புதிதாகச் செய்வதைவிடக் குறைந்த கட்டணம் பேசுகிறார்கள், நேரமோ பல சமயம் அதே அளவு ஆகிறது. எனவே அப்படிப்பட்ட வேலை வந்தால் முழுக் கட்டணம் பேசுவதற்கு முன் பத்துப் பக்கம் திருத்திப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அது தவறும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாத மேற்கோளை இருப்பதாகச் சொல்லும். வட்டார வழக்கில் எழுதியதைப் பொதுத்தமிழாக்கிச் சப்பென்று ஆக்கிவிடும். மூன்றாம் அத்தியாயத்தில் அண்ணனாக இருந்தவர் பதினோராம் அத்தியாயத்தில் தம்பியாகிவிட்டதைப் பல சமயம் கவனிக்காது. சரியாக இருந்த வாக்கியத்தையும் காரணமின்றி மாற்றும். ஆகவே கருவியைப் பயன்படுத்தினால், மாற்றங்கள் தெரியும்படி இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றாக ஏற்கவோ தள்ளவோ வேண்டும். பெயர், ஆண்டு, மேற்கோள் மூன்றையும் மூலத்தில் பார்த்தே விட வேண்டும். எழுத்தாளரின் வெளிவராத பிரதியை அவர் அனுமதி இல்லாமல் எந்த இணையக் கருவியிலும் ஏற்றக் கூடாது. ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று முதலில் படியுங்கள்.

எனக்கு உண்மையான கவலை உங்களைப் பற்றியல்ல, புதிதாக வருபவர்களைப் பற்றி. மெய்ப்புப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை எடிட்டிங் கற்றது. அந்தக் கீழ்ப்படி இல்லாமல் போனால் மேலே வருவதற்கு வழி எது? உங்கள் கீழே ஓர் இளையவர் இருந்தால், உங்கள் திருத்தங்களை ஏன் செய்தீர்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஃப்ரீலான்ஸ் கணக்குக்கு வருவோம். 60,000 சொல் உள்ள ஒரு பிரதி. முதல் வாசிப்பில் மணிக்கு 1,200 சொல் செப்பனிட்டால் 50 மணி நேரம். இரண்டாம் வாசிப்பு மணிக்கு 3,000 சொல் என்றால் 20 மணி நேரம். ஆசிரியருக்குக் கேள்விகள் எழுதவும் பதில்களைச் சேர்க்கவும் 5 மணி நேரம். மொத்தம் 75. வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் கட்டணம் கிடைக்கும் நேரம் 25தான் இருக்கும், மீதி வேலை தேடவும் பில் அனுப்பவும் பணம் கேட்டு நினைவூட்டவும் போகும். ஆக ஒரு நூலுக்கு மூன்று வாரம், விடுப்பு வாரங்கள் போக ஆண்டுக்கு 16 நூல். உங்கள் இப்போதைய ஆண்டுச் சம்பளத்தோடு விடுப்பு, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி 16ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகையை ஒரு நூலுக்குத் தர யாராவது தயாராக இருக்கிறார்களா? மேலே உள்ள வேகம் ஓர் எடுத்துக்காட்டுதான், உங்கள் வேகத்தை நீங்களே கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆறு மாதச் செலவு கையிருப்பும், தொடர்ந்து வேலை தரும் மூன்று இடங்களும் அமையும் வரை முழுநேரமாக இறங்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைக் கட்டாயம் கேளுங்கள். பணம் ‘நூல் வெளியானதும்’ அல்ல, ‘வேலையை ஒப்படைத்த 30 நாளுக்குள்’. நூல் வெளிவருவது உங்கள் கையில் இல்லை, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகலாம். அடுத்து, எத்தனை சுற்றுத் திருத்தம் என்ற எண்ணிக்கை. லேஅவுட் முடிந்த பிறகு ஆசிரியர் அத்தியாயத்தையே மாற்றி எழுதினால் அது தனிக் கட்டணம்.

பதிப்பகத்தில் நேர்காணலுக்குப் போனால் நீங்களும் கேளுங்கள். ஓர் எடிட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை நூல்? மின்னூல் கோப்பை யார் செய்கிறார்கள்? இந்த இடத்தில் இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார்? எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கினால், அங்கே வேலைப் பங்கீடு இல்லை என்று கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் இதழிலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. அச்சு மெலியும்போது நிர்வாகம் பழைய இதழ்களைத் தொகுப்பு நூலாகவும் மின்காப்பகமாகவும் விற்க நினைக்கும். அங்கே முதல் தடை உரிமைதான். வெளி எழுத்தாளர்களின் கட்டுரைகளை அவர்கள் அனுமதியின்றி மின்தரவுத்தளத்தில் சேர்த்தது உரிமை மீறல் என்று 2001இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் இதழிலும் பழைய படைப்பாளிகளிடம் ஒருமுறை அச்சிடும் அனுமதி மட்டுமே வாங்கியிருக்கலாம். எக்செல் போன்ற ஒரு தாள்விரிப்பைத் திறந்து, இதழ் தேதி, கட்டுரை, எழுதியவர், ஓவியர், புகைப்படக்காரர், எந்த அனுமதி எழுத்தில் இருக்கிறது, இப்போது உரிமை யாரிடம் என்ற வரிசையில் நிரப்பத் தொடங்குங்கள். ஓவியரையும் புகைப்படக்காரரையும் விட்டுவிடாதீர்கள், தொகுப்பு நூல்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஓராண்டுக்கான இதழ்களை முடித்ததும், அந்தத் தாளோடு போய் இந்தப் பொறுப்பை எனக்குத் தாருங்கள் என்று கேளுங்கள்.